“பிள்ளைகளை விட்டுட்டு நாம மட்டும் எங்க போறது?”

மதுரையிலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவர் யாரென்று தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றி, சுருக்கமாகத் தருகிறேன்.

அவருக்கு வயது 36. தனியார் பள்ளியில் ஆசிரியை. கணவருக்கு 41. மோட்டார் உதிரிபாகக் கடை வைத்திருக்கிறார். காலை பத்து மணிக்குக் கடை திறந்தால் இரவு ஒன்பதரைக்குத்தான் ஷட்டர் இறங்கும். ஞாயிறு மட்டும் மதியத்தோடு விடுமுறை. திருமணமாகி 12 ஆண்டுகள். ஐந்தாம் வகுப்பில் மகள், இரண்டாம் வகுப்பில் மகன், கூடவே மாமியார். “சண்டை இல்லை, குறை இல்லை. ஆனால் நாங்கள் இருவரும் பேசுவது பால் பாக்கி, ஸ்கூல் ஃபீஸ், கேஸ் சிலிண்டர், இவ்வளவுதான்” என்கிறார்.

ரீல்ஸில் நீச்சல் குளத்தோரம் மெழுகுவத்தி வெளிச்சத்தில் சாப்பிடும் ஜோடிகளைப் பார்த்து, “நாமும் ஒருநாள் போலாமாங்க” என்று கேட்டிருக்கிறார். “ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு ஐயாயிரமா? பிள்ளைகளை விட்டுட்டு நாம மட்டும் எங்க போறது? நமக்கென்ன நேத்தா கல்யாணம் ஆச்சு?” என்று கணவர் பேச்சை முடித்துவிட்டார். அதற்கு முந்தைய திருமண நாளில் இருவரும் ஒரு பூங்காவில் உட்கார்ந்திருந்தபோது காவலாளி வந்து, “புருஷன் பொண்டாட்டின்னா கல்யாண சர்டிஃபிகேட் காட்டுங்க” என்று பத்துப் பேர் முன்னால் கேட்டிருக்கிறார். அன்று எழுந்து வந்தவர், அதன்பிறகு மனைவியோடு தனியே எங்கும் போகவில்லை. மாமியார் எதுவும் சொல்வதில்லை. ஆனால் இருவர் மட்டும் கிளம்பினால் அவர் முகம் சுருங்கிவிடுவதாக வாசகிக்குத் தோன்றுகிறது.

அவர் கேட்பவை நான்கு. இப்படி ஆசைப்படுவது தப்பா? அவருக்கு என்மேல் அன்பு குறைந்துவிட்டதா? வெளியே உட்கார்ந்தால் சான்றிதழ் கேட்க யாருக்காவது உரிமை உண்டா? எங்கள் வசதிக்குள் இருவரும் போய்வர என்ன வழி?

அன்புள்ள சகோதரிக்கு,

முதல் கேள்விக்கு ஒரே வரியில் பதில் சொல்லிவிடுகிறேன்: தப்பே இல்லை. 36 வயதில் கணவனோடு ஒரு மணி நேரம் தனியாக இருக்க ஆசைப்படுகிறீர்கள். அதைக் கேட்க உங்களுக்குக் கூச்சம் வந்ததுதான் எனக்கு வருத்தம்.

இரண்டாவது கேள்வியில் கொஞ்சம் நிற்க வேண்டும். கணவர் மறுத்ததை அன்பின் குறைவாக எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தை மறுபடி படித்தேன். பூங்காவில் அவமானப்பட்டது முதலில், அவர் மறுத்தது பிறகு. பன்னிரண்டு ஆண்டு சேர்ந்து வாழ்ந்த மனைவியை, அவள் யார் என்று கேட்டு நிறுத்தியபோது அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை. கடைத்தெருவில் பத்துப் பேர் மதிக்கும் மனிதருக்கு அது ஆறாத ரணம். “ஐயாயிரமா?” என்று கேட்டதிலும், “நேத்தா கல்யாணம் ஆச்சு” என்றதிலும் அந்த ரணம் இருக்கிறது என்றுதான் நான் நினைக்கிறேன். பணக் கவலையும் இருக்கலாம், அதை மறுக்கவில்லை. ஆனால் அன்று என்ன பட்டது என்று அவரிடம் நீங்கள் கேட்டதாகக் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. கேளுங்கள். “அன்னிக்கு அந்த ஆள் கேட்டதும் எனக்கு அழுகையே வந்துடுச்சுங்க. உங்களுக்கு எப்படி இருந்துச்சு?” என்று தொடங்கினால் போதும். வெளியே போவதைப் பற்றி அன்றைக்குப் பேச்செடுக்க வேண்டாம்.

இன்னொன்று. ஐயாயிரம் ரூபாய் விருந்து வேண்டாம் என்றவர், உங்களோடு நேரம் கழிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. இரண்டையும் ஒன்றாக்கிக்கொண்டது ரீல்ஸ் செய்த வேலை. நெருக்கத்துக்குச் செலவு முக்கியம் இல்லை, புதுமைதான் முக்கியம் என்று காட்டிய ஆய்வு ஒன்று உண்டு. அமெரிக்க உளவியலாளர் ஆர்தர் ஆரனும் அவருடைய குழுவினரும் 2000-ல் வெளியிட்டது. சில தம்பதிகளுக்கு ஒரு கையையும் காலையும் சேர்த்துக் கட்டிவிட்டு, மெத்தைத் தடைகளைத் தாண்டித் தவழ்ந்து போகச் சொன்னார்கள். ஏழு நிமிட விளையாட்டு, அவ்வளவுதான். வேறு சில தம்பதிகளுக்குச் சலிப்பான வேலை ஒன்றைக் கொடுத்தார்கள். புதிதாக ஒன்றைச் சேர்ந்து செய்தவர்கள்தான், தங்கள் உறவைப் பற்றி முன்பைவிட நிறைவாக உணர்ந்தார்கள். அதனால் நீங்கள் தேட வேண்டியது விலை உயர்ந்த இடத்தை அல்ல. இருவரும் சேர்ந்து இதுவரை செய்யாத ஒன்றை.

சான்றிதழ் கேட்க உரிமை உண்டா?

இல்லை. கணவனும் மனைவியும் வெளியே போகும்போது திருமணச் சான்றிதழைக் கையில் வைத்திருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. பூங்காவின் காவலாளி, மூடும் நேரம் ஆகிவிட்டது என்று சொல்லலாம். புல்வெளியில் உட்காராதீர்கள் என்றும் சொல்லலாம். தாலியைக் காட்டு, சான்றிதழைக் காட்டு என்று கேட்கும் அதிகாரம் அவருக்கு இல்லை.

இப்படிக் கேட்பவர்கள் பெரும்பாலும் ‘பொது இடத்தில் ஆபாசம்’ என்ற சட்டப் பிரிவைச் சொல்லித்தான் மிரட்டுவார்கள். முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தில் 294-ஆக இருந்த அந்தப் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 296-ஆக இருக்கிறது. மற்றவர்களுக்குத் தொந்தரவாகும்படி பொது இடத்தில் ஆபாசமாக நடந்துகொள்வதற்கு மூன்று மாதம் வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பக்கத்தில் பக்கத்தில் உட்காருவதோ கைகோத்து நடப்பதோ இதற்குள் வராது. டெல்லியில் பொது இடத்தில் முத்தமிட்டதாக ஒரு இளம் தம்பதி மேல் போட்ட வழக்கு 2009-ல் டெல்லி உயர் நீதிமன்றத்துக்கு வந்தபோது, மணமானவர்கள் அன்பை வெளிப்படுத்தியது எப்படி ஆபாசக் குற்றமாகும் என்று நீதிபதி எஸ்.முரளிதர் கேட்டார். நம் ஊரில் நீங்கள் முத்தமிட வேண்டும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. உங்கள் கணவர் தலை குனிய ஒன்றுமே இல்லை என்பதற்காகச் சொல்கிறேன். இந்தப் பத்தியை அவரிடம் படித்துக் காட்டுங்கள்.

நடைமுறைக்கு வருவோம். போலீஸ்காரர் பெயரும் முகவரியும் கேட்டால் மரியாதையாகச் சொல்லிவிடுங்கள். அங்கே வாக்குவாதம் வேண்டாம். மனம் சமாதானப்பட வேண்டுமானால் ஆதார் அட்டையைச் செல்போனில் படமாக வைத்துக்கொள்ளலாம், கட்டாயம் இல்லை. யாராவது வம்புக்கு வந்தாலோ, உங்களைப் படம் பிடித்தாலோ, பணம் கேட்டாலோ தயங்காமல் 112-ஐ அழையுங்கள். மிரட்டுகிறவர் சீருடையில் இருந்தாலும் அழைக்கலாம்.

எங்கே போகலாம், எப்போது போகலாம்

உங்களுக்கு வாய்த்த ஊர் மதுரை. இரவு ஒன்பதரைக்குக் கடை அடைப்பதை ஒரு தடையாக எழுதியிருக்கிறீர்கள். வேறு ஊரில் அது தடைதான். மதுரையில் பத்து மணிக்கும் தெருவில் குடும்பங்கள் நடக்கும், இட்லிக் கடையில் ஆவி பறக்கும், பூக்காரம்மா பேரம் பேசிக்கொண்டிருப்பார்.

முதல் முறை போக நான் சொல்லும் இடம் மீனாட்சி அம்மன் கோயில். சாமி கும்பிடப் போவதா புதுசு என்று கேட்பீர்கள். பகலில் கூட்டத்தோடு வரிசையில் நின்றிருப்பீர்கள். நடை சாத்துவதற்கு முன் நடக்கும் பள்ளியறை பூஜையை இருவருமாகப் பார்த்திருக்கிறீர்களா? சுந்தரேசுவரரின் திருவடிகளைப் பல்லக்கில் ஏற்றி, மேளதாளத்தோடு மீனாட்சியின் பள்ளியறைக்கு அழைத்துப் போவார்கள். பகலெல்லாம் ஊரை ஆண்டவர்கள் இரவில் ஒன்றுசேரும் நேரம் அது. அதை நாள் தவறாமல் கொண்டாடும் ஊரில் இருந்துகொண்டு, புருஷனும் பெண்டாட்டியும் தனியாக இருக்க ஆசைப்படுவதற்குக் கூச்சப்படலாமா? கோயிலுக்குள் செல்போன் கொண்டுபோக முடியாது என்பது கூடுதல் நன்மை. கடையிலிருந்தும் அழைப்பு வராது, பள்ளி வாட்ஸ்அப் குழுவிலிருந்தும் வராது. வெளியே வந்ததும் வண்டியை எடுத்துவிடாதீர்கள். வாகன நெருக்கடி இல்லாத சித்திரை வீதியில் ஒரு சுற்று மெதுவாக நடங்கள். முகத்துக்கு முகம் பார்த்துப் பேசத் திணறும் ஆண்கள், தோளோடு தோள் நடக்கும்போது தாமாகப் பேசத் தொடங்குவதை ஆலோசனைக்கு வருபவர்களிடம் நிறையக் கண்டிருக்கிறேன். கோயிலுக்கு என்றால் அவர் மறுக்கவும் மாட்டார், சான்றிதழ் கேட்கவும் அங்கே யாரும் இல்லை. பூங்காவில் பட்டதை ஆற்றிக்கொள்ள இதைவிடப் பாதுகாப்பான இடம் எனக்குத் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்துப் போங்கள். மற்ற நாளில் கடை நேரத்துக்கு ஒத்து வராது.

அடுத்தது வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம். திருமலை நாயக்கர் 1645-ல் வெட்டிய குளம். ஒரு பக்கம் ஏறத்தாழ ஆயிரம் அடி, சுற்றி வந்தால் ஒரு கிலோமீட்டருக்கு மேல். தண்ணீர் நிறைந்திருக்கும் மாதங்களில் மைய மண்டபத்தைத் தடவி வரும் காற்றுக்கே போகலாம். ஆளுக்கொரு பருத்திப்பால், இரண்டு முழம் மல்லிகை, படிக்கட்டு ஓரமாக உட்கார ஒரு இடம். செலவு 300 ரூபாயைத் தாண்டாது. மதுரை மல்லிக்கு 2013-ல் புவிசார் குறியீடே கிடைத்தது. உலகத்துக்கே பூ அனுப்பும் ஊரில், கணவர் தன் கையால் வாங்கிக் கொடுத்து எத்தனை நாளாயிற்று என்று உங்களுக்குத்தான் தெரியும். வாங்கித் தரச் சொல்லிக் கேளுங்கள். கேட்டு வாங்கினால் மதிப்பில்லை என்று பெண்கள் பலர் நினைக்கிறார்கள். அப்படி நினைத்துப் பல வருஷம் வாய்மூடி இருந்துவிட்டு, பிறகு மொத்தமாக வெடிப்பதைவிடக் கேட்டு வாங்குவது மேல்.

இரவு ஒத்து வராவிட்டால் விடியற்காலை இருக்கிறது. இதை யாரும் நினைப்பதே இல்லை. கடை பத்து மணிக்குத்தானே? பள்ளி விடுமுறை நாளில் ஐந்தரைக்குக் கிளம்பினால் கீழக்குயில்குடி சமணர் மலைக்குப் போய்ச் சேரும்போது கிழக்கு வெளுத்திருக்கும். அடிவாரத்தில் தாமரைக் குளம், அய்யனார் கோயில், ஆலமரங்கள். படியேறினால் பேச்சிப்பள்ளத்தில் ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய தீர்த்தங்கரர் சிற்பங்களும் வட்டெழுத்துக் கல்வெட்டும். ஃப்ளாஸ்கில் காபி எடுத்துப் போங்கள். பாறையில் உட்கார்ந்து இருவருமாக ஊரைப் பார்த்துவிட்டு ஒன்பது மணிக்குள் வீடு திரும்பிவிடலாம். மழை பெய்த மறுநாள் போகாதீர்கள், பாறை வழுக்கும். இருட்டிய பிறகும் வேண்டாம். அழகர்மலையும் அப்படித்தான். பழமுதிர்சோலை வழியாக நூபுரகங்கை வரை காலையில் ஏறலாம். தின்பண்டப் பையைக் கையில் பிடித்தால் குரங்கு பறித்துவிடும், உள்ளே வையுங்கள். எங்கே போனாலும் கனமான சங்கிலியை வீட்டில் வைத்துவிட்டு, எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.

இனி எனக்கு மிகவும் பிடித்தது. கல்யாணத்தன்று உங்கள் இருவருக்கும் அருந்ததி காட்டியிருப்பார்கள். பட்டப்பகலில் அல்லது மண்டபத்து வெளிச்சத்தில் ஐயர் கைகாட்டிய பக்கம் பார்த்து, தெரிந்தது என்று தலையாட்டியிருப்பீர்கள். பன்னிரண்டு ஆண்டு கழித்து அதை உண்மையாகவே பார்த்தால் என்ன? சித்திரை, வைகாசி மாதங்களில் இரவு ஒன்பது, பத்து மணிக்கு வடக்கு வானில் சப்தரிஷி மண்டலம் தெரியும். நான்கு நட்சத்திரம் ஒரு சதுரம் போலவும் மூன்று அதற்கு வால் போலவும் இருக்கும். வாலின் நடு நட்சத்திரம் வசிஷ்டர். கண்ணைக் கூர்மையாக்கிப் பார்த்தால் அதை ஒட்டி மங்கலாக இன்னொன்று, அதுதான் அருந்ததி. ஏறத்தாழ 80 ஒளியாண்டு தூரத்தில் இருக்கின்றன. நிலா இல்லாத இரவாகப் பாருங்கள். நகர வெளிச்சத்தில் சிரமம்தான். மொட்டை மாடி விளக்கை அணைத்துவிட்டுக் கண்ணை இருட்டுக்குப் பழக்குங்கள், இல்லாவிட்டால் ஊருக்குச் சற்று வெளியே இருக்கும் சொந்தக்காரர் வீட்டு மாடிக்குப் போங்கள். யார் முதலில் கண்டுபிடிப்பது என்று போட்டி வைத்துக்கொள்ளலாம். ஆர்தர் ஆரன் சொன்ன புதுமைக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது, காசும் செலவில்லை. வரும் வைகாசியில் உங்கள் திருமண நாள் என்று எழுதியிருப்பதால் இதை அதற்கென்றே வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு நாளைக் குறித்துவிடுவது நல்லது. “எப்போதாவது போகலாம்” என்பது எப்போதும் நடக்காது. நான் பலருக்கும் சொல்வது பௌர்ணமி. தினசரி காலண்டரில் அச்சடித்தே இருக்கும். மாதம் ஒருமுறை தானாக வரும், ஒருவர் கெஞ்சி ஒருவர் மறுக்கும் நிலை வராது. மழை பிடித்துக்கொள்ளும் ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் மாடியில் ஒதுங்க ஒரு கூரை பார்த்துக்கொள்ளுங்கள். சித்ரா பௌர்ணமியில் மதுரையே ஆற்றில் நிற்கும், அன்று தனிமையை எதிர்பார்க்க வேண்டாம்.

போகும் நேரத்தில் ஃபீஸ், சிலிண்டர், வாடகை பேசுவதில்லை என்று ஒரு நிபந்தனை வையுங்கள். பிறகு என்ன பேசுவது என்று முதல் பத்து நிமிடம் இருவருக்கும் திகைப்பாக இருக்கும். பயப்படாதீர்கள். பேசாமல் நடந்தாலும் குறையில்லை.

அத்தையும் பிள்ளைகளும்

மாமியார் முகம் சுருங்கியது என்கிறீர்கள். ஆனால் அவர் ஒரு சொல்கூடச் சொல்லவில்லை என்றும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இரண்டு பிள்ளைகளையும் வீட்டையும் அவர் தலையில் வைத்துவிட்டுக் கடைசி நிமிடத்தில் கிளம்பினால் யார் முகமும் சுருங்கும். முன்கூட்டியே சொல்லுங்கள். அதையும் நீங்கள் சொல்ல வேண்டாம், உங்கள் கணவர் சொல்லட்டும். “அம்மா, பௌர்ணமிக்கு நாங்க ரெண்டு பேரும் தெப்பக்குளம் போய்ட்டு வர்றோம், நீங்க பிள்ளைகளைப் பாத்துக்கிறீங்களா?” என்று மகன் கேட்பதும் மருமகள் கேட்பதும் ஒன்றல்ல.

அவருக்கும் அந்த இரவில் ஒரு பங்கு இருக்கட்டும். நிலாச்சோறு அவர் தலைமுறைக்குத் தெரிந்த சந்தோஷம். புளியோதரையோ தயிர்சாதமோ நீங்கள் கிளறி வைத்துவிடுங்கள். மாடியில் பேரப்பிள்ளைகளை உட்காரவைத்து அவர் உருட்டிக் கொடுக்கட்டும். வரும்போது அவருக்கும் பூ வாங்கி வாருங்கள். அவருக்கு முடியாத நாளில் வற்புறுத்த வேண்டாம். பிள்ளைகள் தூங்கிய பிறகு நீங்கள் இருவரும் மாடிக்குப் போய்விடலாம்.

பிள்ளைகளை விட்டுப் போவதில் குற்ற உணர்ச்சி வேண்டாம். அம்மாவும் அப்பாவும் சேர்ந்து கிளம்பிச் சிரித்த முகத்தோடு திரும்புவதைப் பார்த்து வளர்வது உங்கள் மகளுக்கு நல்லது. நாளைக்குத் தன் கணவனிடம் எதைக் கேட்கலாம் என்பதை அவள் உங்களிடம்தான் கற்கிறாள்.

அவர் மறுபடியும் மறுத்தால்

மறுக்கக்கூடும். முதல் முறை ‘பார்க்கலாம்’ என்பார். அன்றே அழுது தீர்த்துவிடாதீர்கள், ‘பக்கத்து வீட்டு அவர் பாருங்கள்’ என்று ஒப்பிடவும் வேண்டாம். கடை அடைக்கும் நேரத்துக்கு நீங்களே ஒருநாள் போய் நில்லுங்கள். சேர்ந்து ஷட்டரை இறக்கிவிட்டு, வீட்டுக்கு வரும் வழியில் ஒரு தெரு முன்பே வண்டியை நிறுத்தி நடந்து வாருங்கள். பத்து நிமிடம் கிடைத்தாலும் அது உங்கள் இருவருக்கானது. அவர் சோர்வையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு மணி நேரம் நின்றுகொண்டே வேலை பார்ப்பவருக்குச் சில நாள் பாய்தான் சொர்க்கம்.

சில மாதம் பொறுத்துப் பார்த்தும் அவர் பேசவே மறுத்தால், எதிலும் நாட்டமில்லாமல், தூக்கமில்லாமல், எரிந்து விழுந்துகொண்டே இருந்தால், அது வெளியே போவது பற்றிய பிரச்சினை அல்ல. கடன் நெருக்கடியாக இருக்கலாம், மனச்சோர்வாக இருக்கலாம். அப்போது இருவருமாக ஒரு மனநல மருத்துவரையோ ஆலோசகரையோ பாருங்கள். உங்கள் சம்பளத்தைப் பிடுங்கிக்கொள்வது, அம்மா வீட்டுக்கும் விட மறுப்பது, கை ஓங்குவது என்று ஏதேனும் இருந்தால் அது முற்றிலும் வேறு கதை. அதற்குப் பெண்கள் உதவி எண் 181 இருக்கிறது. உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை. ஆனாலும் இதே மாதிரி வீட்டிலிருந்து படிக்கிற வேறு ஒருவருக்கு அந்த எண் தேவைப்படலாம்.

நீங்கள் இந்த வாரம் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். பூங்காவில் நடந்ததைப் பற்றி அவரிடம் கேளுங்கள், அவர் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாதீர்கள். கோயிலும் தெப்பக்குளமும் அதற்கு அடுத்த வாரம் வரட்டும்.